ஜவ்வாது மலையிலிருந்து கடற்கரை வரை: ஒரு விடுமுறை ஆசையின் வரலாறு

கோடை விடுமுறை நெருங்கும்போது திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர், ஆலங்காயம் பகுதிக் குடும்பங்களில் ஆண்டுதோறும் ஒரே பேச்சு எழுகிறது. பிள்ளைகள் கடலைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். பெரியவர்கள் மாமல்லபுரம், கோவளம், மெரினா என்று ஊர்களை அடுக்குகிறார்கள். வீட்டின் கிழக்கிலும் தெற்கிலும் நீலமாய் எழுந்து நிற்கும் ஜவ்வாது மலை அந்தப் பட்டியலில் இடம்பெறுவது அரிது. கடல் இப்படி ஏன் இழுக்கிறது? அந்த ஈர்ப்பு என்றும் இருந்ததா, இடையில் வந்ததா? இவற்றை வரலாற்றின் துணையோடு எண்ணிப் பார்ப்பது, நம் பயணங்களைப் பொருளுள்ளவையாக ஆக்கிக்கொள்ள உதவும்.

பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தை எண்ணிப் பாருங்கள் என்று அல்லாஹ் தன் திருமறையில் அல்அன்கபூத் அத்தியாயத்தில் அழைக்கிறான். கடலில் செல்லும் கப்பல்களைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாகப் பல இடங்களில் நினைவூட்டுகிறான். ஆகவே பயணமும் கடலும் மலையும் முஸ்லிமுக்கு வெறும் பொழுதுபோக்கின் பொருள்கள் அல்ல. அவற்றைப் பார்க்கும் கண் எத்தகையது என்பதே கேள்வி.

வெயிலைத் தேடிய குளிர்நாட்டார்

வெயிலும் மணலும் கடலும் சேர்ந்தால் விடுமுறை என்னும் எண்ணம் மிகப் பழையதன்று. பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பியர் பலருக்கும் கடற்கரை என்பது புயலுக்கும் கடற்கொள்ளையருக்கும் அஞ்ச வேண்டிய இடமாகவே இருந்தது. 1750 இல் ரிச்சர்டு ரஸ்ஸல் என்னும் ஆங்கில மருத்துவர், கடல்நீரில் குளிப்பதும் அதைப் பருகுவதும் நோய் தீர்க்கும் என்று நூல் எழுதினார். அதன்பின் நோயாளிகள் இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரைக்குச் செல்லத் தொடங்கினர். இளவரசரும் பிரபுக்களும் தொடர்ந்தனர். மருந்தாக வந்த கடல் மெல்ல மெல்ல மகிழ்ச்சியாக மாறியது.

அந்தப் பிரைட்டனின் புகழில் நம் நாட்டவர் ஒருவருக்கும் பங்குண்டு. 1759 இல் பாட்னாவில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சேக் தீன் முஹம்மது, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றிப் பின் அயர்லாந்து சென்று, அங்கே ஒரு கிறிஸ்தவப் பெண்ணை மணந்து, அந்நாட்டு வாழ்வோடு கலந்துபோனவர். 1810 இல் இலண்டனில் இந்திய உணவகம் ஒன்றைத் திறந்தார். அது நிலைக்கவில்லை. பிறகு பிரைட்டனுக்கு வந்து, மூலிகை ஆவிக் குளியலும் உடல் பிடித்துவிடுதலும் அளிக்கும் குளியல் நிலையத்தை நடத்தினார். இங்கிலாந்தின் அரசர்கள் நான்காம் ஜார்ஜும் நான்காம் வில்லியமும் அவருடைய சேவையைப் பெற்றனர். உடல் பிடித்துவிடுதலைக் குறிக்கும் நம் நாட்டுச் சொல்லான 'சாம்பு' ஆங்கிலத்தில் நிலைபெற்றதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. இன்று அச்சொல் தலைக்குத் தேய்க்கும் திரவத்தின் பெயராக நம் குளியலறைக்கே திரும்பி வந்திருக்கிறது.

அக்காலத்திலும் ஐரோப்பியர் வெயிலில் காயவில்லை. பிரான்சின் தென்கடற்கரைக்குப் பணக்காரர்கள் குளிர்காலத்தில் மட்டுமே சென்று, கோடை வருமுன் திரும்பிவிடுவர். வெயிலில் கறுத்த உடல் வயற்காட்டில் உழைப்பவனின் அடையாளம் என்று கருதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எலும்புருக்கி போன்ற நோய்களுக்கு வெயில் மருத்துவம் பரவியது. 1920களில் தென்கடற்கரையில் கோடைக்காலமும் விடுமுறைக் காலமாயிற்று. 1936 இல் பிரான்சு தன் தொழிலாளருக்கு ஊதியத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. தொழிற்சாலைப் புகையிலும் இருண்ட குளிர்காலத்திலும் வாடிய மக்களுக்கு வெயில் ஓர் அருட்கொடையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

நம் நிலை வேறு. வெயில் நமக்குக் குறைவில்லாமல் கிடைப்பது. நாம் தேடுவது நிழலும் காற்றும். ஆகவேதான் தமிழகக் கடற்கரைகளில் உள்ளூர்க் குடும்பங்கள் நண்பகலில் கூடுவதில்லை. அஸ்ருக்குப் பின் வெயில் தாழ்ந்ததும் முழு ஆடையோடு வந்து, அலையில் கால் நனைத்து, சுண்டல் வாங்கித் தின்று, மஃக்ரிபுக்கு எழுந்து செல்கின்றன. 'காற்று வாங்கப் போவது' என்று நாம் சொல்வதிலேயே நம் கடற்கரை விருப்பத்தின் இயல்பு அடங்கியிருக்கிறது. விளம்பரங்கள் காட்டும் வெயிற்குளியல் குளிர்நாட்டாரின் தேவையிலிருந்து பிறந்தது. அதைக் கண்டு நம் பெண்மக்கள் கடற்கரை நமக்குரிய இடமன்று என்று ஒதுங்க வேண்டியதில்லை. நாணமும் கண்ணியமும் காத்துக் கடலைக் கண்டு மகிழும் மரபு இம்மண்ணிலேயே இருக்கிறது.

கடல் திறந்த வாசல்

தமிழ் முஸ்லிம்களுக்குக் கடற்கரை முதலில் ஒரு வாசல். அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் குதிரைகளோடும் பேரீச்சம்பழத்தோடும் வந்த வணிகர், முத்தும் துணியும் மிளகும் கொண்டு திரும்பினர். அவர்களோடு தீனும் இக்கரைக்கு வந்தது. காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, நாகூர், பரங்கிப்பேட்டை, பழவேற்காடு என்று நீளும் ஊர்வரிசை அந்த வரலாற்றின் சாட்சி. 1340களில் தமிழகக் கரைக்கு வந்த இப்னு பதூதா, பத்தன் என்று தாம் குறிப்பிடும் துறைமுக நகரின் அழகையும், கடலினுள் மரத்தூண்கள் மீது எழுப்பப்பட்டிருந்த மண்டபத்தையும், அங்கிருந்த கல் பள்ளிவாசலையும் பதிவு செய்துள்ளார். வணிகம் நடந்த அந்தக் கரை அவர் கண்ணுக்கு அழகாகவும் இருந்திருக்கிறது.

தீன் வந்த வழிகள் இரண்டு என்பதை இன்றும் நம் தொழுகை வரிசைகளில் காணலாம். கடலோர ஊர்களில் பெரும்பான்மையோர் ஷாஃபி மத்ஹபினர். ஏமன் முதலிய கடல்வழி நாடுகளின் தொடர்பு அதற்குக் காரணம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் பெரும்பான்மையோர் ஹனஃபி மத்ஹபினர். தரைவழி வந்த சுல்தான்கள், பின்னர் ஆற்காடு நவாபுகள் ஆகியோரின் காலத் தொடர்பு அங்கே மேலோங்கியது. ஜவ்வாது மலையடிவாரக் குடும்பம் ஒன்று கடற்கரை ஊரொன்றின் பள்ளிவாசலில் தொழ நிற்கும்போது, ஒரே தீன் நடந்து வந்த இரண்டு சாலைகள் அங்கே சந்திக்கின்றன.

கடல் பிரிவின் இடமாகவும் இருந்தது. 1926 இல் கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூர் துறைகளுக்கு அரை நூற்றாண்டுக் காலம் ஓடியது. அதில் ஏறிச் சென்ற தந்தையரையும் கணவன்மாரையும் வழியனுப்பிய எத்தனையோ தாய்மாருக்குக் கரையென்பது கண்ணீரும் துஆவும் கலந்த இடம். அந்தக் கரைக்கு நாம் இன்று விடுமுறைக்காகச் செல்கிறோம்.

மலையிலிருந்து இறங்கிய வழி

ஜவ்வாது மலைக்கும் கடலுக்கும் நேர் உறவு உண்டு. கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த இம்மலையில் பிறக்கும் செய்யாறு, செங்கம் வழியாகவும் திருவத்திபுரம் வழியாகவும் ஓடித் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. மலையின் வடபுறத்து ஓடைகளும் பாலாற்றை நோக்கியே இறங்குகின்றன. பாலாறு கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் வங்கக் கடலை அடைகிறது. அந்தக் கழிமுகத்துக்குச் சற்று வடக்கே சதுரங்கப்பட்டினம். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் பெய்த மழை, நல்ல ஆண்டில், சதுரங்கப்பட்டினத்துக் கடலில் முடிகிறது.

படைகளும் இந்த வழியில் இறங்கின. மலையின் தென்மேற்கு அடிவாரத்திலுள்ள செங்கத்தில் 1767 செப்டம்பர் 3 அன்று ஹைதர் அலியின் படையும் நிஜாமின் படையும் ஆங்கிலேயத் தளபதி ஜோசப் ஸ்மித்தின் படையோடு மோதின. 1780 இல் ஹைதர் மீண்டும் செங்கம் கணவாய் வழியாகக் கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். அவ்வாண்டே ஆற்காடு அவர் கையில் வீழ்ந்தது. 1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினக் கடலில் அவருடைய கூட்டாளிகளான பிரெஞ்சுக்காரரின் கப்பற்படை சுப்ரன் தலைமையில் ஆங்கிலேயக் கப்பற்படையை எதிர்கொண்டது. கணவாயில் தொடங்கிய போர் கடலை எட்டிய கதை இது. இன்று சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய செங்கற்கோட்டையும் கல்லறைகளும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. மாமல்லபுரத்துக்கு வருவோர் கூட்டத்தில் ஒரு சிறு பகுதியே அங்கு எட்டிப் பார்க்கிறது.

வடக்கே கோவளம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்காடு நவாபு சஆதத்துல்லாஹ் கான் காலத்தில் இது சஆதத் பந்தர் என்று அவர் பெயரால் வழங்கப்பட்ட துறைமுகம். பந்தர் என்றால் துறை. ஐரோப்பியக் கம்பெனிகள் இத்துறைக்காகப் போட்டியிட்டன. 1752 இல் ராபர்ட் கிளைவ் இங்கிருந்த கோட்டையைப் பிரெஞ்சுத் தரப்பினரிடமிருந்து கைப்பற்றினார். பின் அது தகர்க்கப்பட்டது. நபித்தோழர் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் அறியப்படும் தர்காவும், மீனவர் குப்பமும், தேவாலயமும் அருகருகே உள்ள அவ்வூரில் இன்று உல்லாச விடுதியும் அலைச்சறுக்குப் பயிற்சியும் நடக்கின்றன. 2021 இல் கோவளம் கடற்கரை தூய்மைக்கும் பாதுகாப்புக்குமான பன்னாட்டு 'நீலக்கொடி' சான்றைப் பெற்றது. நவாபின் துறைமுகம் விடுமுறைக் கரையாக மாறியதை அறியாமலேயே நம்மவர் பலர் அங்கே மணலில் நடந்து திரும்புகின்றனர்.

நவாபின் தோட்டமும் மெரினாவும்

மெரினாவின் கதை இதைவிட ஆழமானது. நவாபு முஹம்மது அலி வாலாஜா 1768 இல் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பினார். அதன் தோட்டம் கடற்கரையை ஒட்டிப் பரந்திருந்தது. கம்பெனியின் போர்ச்செலவுகளும் கடன்காரர்களின் வட்டியும் நவாபுகளின் ஆட்சியைக் கரைத்தன. 1801 இல் ஆட்சி முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1855 இல் நவாபு குலாம் முஹம்மது கவுஸ் கான் ஆண்வாரிசின்றி வஃபாத்தானபோது டல்ஹவுசி அந்தப் பட்டத்தையே ஒழித்தார். அரண்மனை ஏலத்துக்கு வந்து அரசின் உடைமையாயிற்று. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் அந்தக் கரையோரமாக நடைபாதை அமைத்து, இத்தாலியத் தீவான சிசிலியில் தாம் கண்ட கடற்கரையின் நினைவாக மெரினா என்று பெயரிட்டார்.

இன்று நாம் காணும் அகன்ற மணற்பரப்பும் அக்காலத்தில் இல்லை. 1876 முதல் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலினுள் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோரமாக நகரும் மணல் அங்கே தடைபட்டு, தென்புறத்தில் குவிந்து மெரினாவை அகலமாக்கியது. வடபுறத்தில் ராயபுரம் பகுதிக்கு மணல் வருவது நின்று, கடல் கரையை அரித்து மீனவர் வீடுகளைத் தின்றது. ஓரிடத்தின் உல்லாச மணல் மற்றோரிடத்தின் இழப்பிலிருந்து வந்தது.

இப்பாடத்தை 2004 டிசம்பர் 26 வேறு வகையில் கற்பித்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் கரைக்கு வந்திருந்தோரையும் கரையிலேயே வாழ்வோரையும் ஆழிப்பேரலை ஒருசேர வாரிச் சென்றது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்கள் மடிந்தன. கடலோர ஜமாஅத்துகள் மதம் பாராமல் பள்ளிவாசல்களையும் மண்டபங்களையும் திறந்துவிட்டு, உணவு சமைத்து, உடல்களை அடக்கம் செய்ய உதவிய செய்தி நம் வரலாற்றில் நினைவுகூரத் தக்கது. விடுமுறைக்குச் செல்வோருக்குக் கடல் ஒரு நாள் காட்சி. கரையில் பிறந்தோருக்கு அதுவே வயிற்றுப்பாடும் ஆபத்தும்.

நாம் அனுப்பும் நீர்

கடலுக்குச் செல்லும் நாம் கடலுக்கு எதை அனுப்புகிறோம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கே சற்று வலிக்கும் உண்மையொன்று இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழிலை வளர்த்தவர்களுள் முஸ்லிம் வணிகர் முதன்மையானோர். அத்தொழிலின் வருவாயிலிருந்து மதரஸாக்களும் மருத்துவமனைகளும் 1919 இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி போன்ற கல்விக்கூடங்களும் வளர்ந்தன. ஆயிரக்கணக்கான இந்து, முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள் அதில் உண்டன, உடுத்தன.

பழைய நாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டனர். பின்னர் குரோமிய உப்பு கொண்டு விரைவாகப் பதனிடும் முறை பரவியது. பதப்படுத்திய தோலாகவே ஏற்றுமதி செய்ய வேண்டும் என்ற அரசின் கொள்கை 1970களுக்குப் பின் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. கழிவுநீர் பாலாற்றில் கலந்தது. கிணற்று நீர் உவர்த்தது, வயல்கள் பாழ்பட்டன. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. ஆனால் பாலாற்றின் காயம் இன்னும் ஆறவில்லை.

ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவில் தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று கற்பித்த நபியின் (ஸல்) உம்மத் நாம். மக்கள் நீர் எடுக்கும் இடத்தையும் நடக்கும் வழியையும் இளைப்பாறும் நிழலையும் அசுத்தப்படுத்துவதை அவர்கள் கடிந்தார்கள். தொழிலைக் கைவிட வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. அத்தொழிலின் அமானிதம் ஆலையின் வாசலோடு முடிவதில்லை, வயலூரில் கடல் தொடங்கும் இடம்வரை நீள்கிறது என்பதை நாம் நம் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது.

மலையின் மேல் வானம்

ஜவ்வாது மலைக்கு ஊட்டியின் உயரமோ கொடைக்கானலின் குளிரோ இல்லை. ஆகவே வெள்ளையர் அதை ஓய்வு நகரமாக ஆக்கவில்லை. மலையாளி என்று தம்மை அழைத்துக்கொள்ளும் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் விளைவித்து, தேனும் புளியும் கடுக்காயும் சேகரித்து வாழ்ந்தனர். மலையில் பெருங்கற்காலத்து மக்கள் எழுப்பிய கல்லறைகள் இன்றும் நிற்கின்றன. பீமன் அருவியும் கோமுட்டேரிப் படகுத்துறையும் அமிர்தியின் காடும் அண்மைக் காலத்தில்தான் சுற்றுலாப் பயணியரை இழுக்கத் தொடங்கின.

அறிவியல் அறிஞர்கள் இம்மலையை முன்பே தேர்ந்தெடுத்துவிட்டனர். வானியல் அறிஞர் வைணு பாப்பு, 1960களில் மலைமீதுள்ள காவலூரில் ஆய்வு நிலையத்தை நிறுவினார். நகர வெளிச்சம் படாத இருளும், நிலநடுக்கோட்டுக்கு அருகிலிருப்பதால் தென்வானத்தையும் காண முடிகின்ற இருப்பிடமும் அதற்குக் காரணங்கள். 1977 இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பது கண்டறியப்பட்டதில் காவலூரின் பதிவுகளுக்கும் பங்குண்டு. 1986 ஜனவரி 6 அன்று அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது.

நம் கடலோடிகளின் வானமும் இதுவே. அரபு மாலுமிகள் விண்மீன்களின் உயரத்தை விரற்கடையால் அளந்து திசையும் தொலைவும் கணித்தனர். பதினைந்தாம் நூற்றாண்டின் இப்னு மாஜித் அக்கலையை நூல்களாக்கினார். அல்தாயிர், அல்தபரான், வேகா, ரிகல் என்று உலகெங்கும் வழங்கும் விண்மீன் பெயர்கள் அரபியிலிருந்து வந்தவை. நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு வைக்கும் சுஹைல் என்ற பெயரும் ஒரு விண்மீனுடையதே. இரவு வானின் இரண்டாவது ஒளிமிகு விண்மீனாகிய அது, இலண்டனிலிருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இஷாவுக்குப் பின் ஜவ்வாது மலைமீது நின்று தெற்கே நோக்கினால் தெளிவாகத் தெரியும். இக்கரைக்கு முன்னோரை வழிகாட்டி அழைத்து வந்த விண்மீன்களுள் ஒன்றைப் பிள்ளைக்குக் காட்ட, கடல்வரை செல்ல வேண்டியதில்லை.

கடலுக்குச் செல்லுங்கள். அது அல்லாஹ்வின் அத்தாட்சி. செல்லும் வழியில் திருமுக்கூடலில் சற்று நின்று, நம் மலையின் ஆறு எந்நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையையும் சேப்பாக்கத்து அரண்மனையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மீனவரின் வலைமீதும் படகின்மீதும் ஏறாமல், அவர்களிடம் விலை பேசி மீன் வாங்குங்கள். கொண்டுபோன குப்பையைக் கொண்டு திரும்புங்கள். ஆழமறியா அலையில் பிள்ளைகளை இறக்காதீர்கள். பயணத் தொழுகையைச் சுருக்கும் சலுகையை உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டறிந்து பயன்படுத்துங்கள். அடுத்த விடுமுறையில் ஒரு நாளையேனும் மலைக்கு ஒதுக்குங்கள். நீர் பிறக்கும் இடத்தையும் அது சேரும் இடத்தையும் ஒருசேரக் கண்ட பிள்ளை, இடையிலுள்ள ஆற்றைக் காக்கும் பொறுப்பையும் உணரும். அந்த உணர்வை நம் பிள்ளைகளுக்கு வல்ல நாயன் அருள்வானாக, ஆமீன்.